பயம் யாருடையது?

திகில் படம் எழுதும் உதவி இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

உங்களில் பலர் எழுதிய திகில் திரைக்கதைகளைப் படிக்கும் வாய்ப்பு எனக்குத் தொடர்ந்து கிடைத்து வருகிறது. அவற்றில் உழைப்பு தெரிகிறது. போலீஸ் நடைமுறை, பிரேதப் பரிசோதனை, செல்போன் டவர் விவரம் என்று எல்லாவற்றையும் விசாரித்து எழுதுகிறீர்கள். ஆனால் பயம் வர வேண்டிய இடம் வந்ததும், பெரும்பாலான பிரதிகளில் ஒரே வரிதான் இருக்கிறது: "இங்கே ஆர்.ஆர். பேசும்." பயத்தைப் பின்னணி இசையிடம் ஒப்படைத்துவிடும் அந்த வரியைப் பற்றிப் பேசத்தான் இந்த மடல்.

பின்னணி இசையே இல்லாத ஒரு திகில் படத்தை உங்கள் முன் வைக்கிறேன். ஃப்ரிட்ஸ் லாங் இயக்கி, 1931 மே மாதம் பெர்லினில் வெளியான 'எம்'. லாங்கின் முதல் பேசும்படம் அது. திரைக்கதையை அவரும் அவருடைய மனைவி தியா ஃபான் ஹார்போவும் சேர்ந்து எழுதினார்கள். ஒரு பெருநகரத்தில் சிறுமிகளைக் கொல்லும் ஒருவனை ஊரே தேடுகிறது, கதை இவ்வளவுதான். கொலைகாரன் யார் என்பதை மறைத்து வைக்கவும் இல்லை, கடைசியில் ட்விஸ்ட்டும் இல்லை. படம் பாதியை எட்டுவதற்கு முன்பே அவன் முகத்தைக் காட்டிவிடுகிறார்கள். அப்படியிருந்தும் இன்றைக்குப் பார்த்தாலும் உள்ளங்கை வியர்க்கிறது. பாட்டே இல்லாமல் 1954-இல் 'அந்த நாள்' வந்து போன ஊர் நம்முடையது. இசையைக் குறைத்தால் ரசிகர் ஏற்க மாட்டார் என்று சொல்லும் தயாரிப்பாளரிடம் இந்த இரண்டு படங்களையும் தைரியமாகச் சொல்லுங்கள்.

மேசைக்கு அடியில் குண்டு இருப்பதைப் பார்வையாளனுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று ஹிட்ச்காக் சொன்னது உங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். நேரேஷன் சொல்லும்போது அதை மேற்கோள் காட்டாதவர்களே இல்லை. அது சரியான பாடம்தான். ஆனால் பார்வையாளனுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதோடு அது நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் அவன் யாருடைய நெஞ்சுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது தனிக் கேள்வி. 'எம்' எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த இரண்டாவது கேள்வியை. இந்தப் படத்தில் பயம் ஒருவரிடமே தங்குவதில்லை. தாயிடமிருந்து ஊருக்கு, ஊரிடமிருந்து கொலைகாரனுக்கு, அங்கிருந்து நமக்கு என்று அது இடம் மாறிக்கொண்டே போகிறது.

முதல் சில நிமிடங்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

படம் தொடங்கும்போது திரை இருட்டாக இருக்கிறது. ஒரு குழந்தையின் குரல் மட்டும் கேட்கிறது. பிறகு மேலிருந்து ஒரு ஷாட். அடுக்குக் குடியிருப்பின் முற்றத்தில் பிள்ளைகள் வட்டமாக நிற்க, நடுவில் நிற்கும் சிறுமி ஒவ்வொருவராகச் சுட்டிக்கொண்டே, கறுப்பு உடைக்காரன் வெட்டரிவாளோடு வரப்போகிறான் என்று பாடுகிறாள். பாட்டு யார்மேல் முடிகிறதோ அந்தப் பிள்ளை அவுட். மாடி நடையில் துணிக்கூடையோடு வரும் ஒரு பெண், அந்தப் பாட்டைப் பாடாதே என்று அதட்டுகிறாள். பிள்ளைகள் நிறுத்துகிறார்கள்; அவள் நகர்ந்ததும் மறுபடி ஆரம்பிக்கிறார்கள். அவள் மேலே போய், துணி துவைத்துப் பிழைக்கும் பெக்மன் அம்மாவிடம் கூடையைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளைப் பற்றிக் குறைப்படுகிறாள். அந்த அம்மாவோ, பாட்டுச் சத்தம் கேட்கும்வரை பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்கள் என்றாவது தெரிகிறதே என்கிறாள்.

வீட்டு வேலைக்கு நடுவே சொல்லப்படும் சாதாரணப் பேச்சு இது. ஆனால் படத்தின் சட்டத்தையே லாங் இந்த இடத்தில் எழுதிவிட்டார். சத்தம் இருந்தால் உயிர் இருக்கிறது, சத்தம் நின்றால் இல்லை. இதற்குப் பிறகு படத்தில் எங்கே அமைதி வந்தாலும் நமக்கு வயிற்றைப் பிசைகிறது. எந்த இசையமைப்பாளரும் வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒரு வசனத்தால் மௌனத்தையே ஆயுதமாக்கிக்கொண்டார்.

குயில் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கிறது. அம்மாவின் களைத்த முகத்தில் ஒரு சிரிப்பு. மகள் எல்சி பள்ளிவிட்டு வரும் நேரம். அம்மா சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்கிறாள். வெளியே எல்சி பந்தைத் தட்டிக்கொண்டே நடக்கிறாள். சாலையைக் கடக்க ஒரு போலீஸ்காரர் உதவுகிறார். ஒரு விளம்பரத் தூணருகே நின்று பந்தை அதன்மேல் எறிந்து பிடிக்கிறாள். தூணில் ஒட்டியிருப்பது கொலைகாரனைப் பிடித்துக் கொடுத்தால் 10,000 மார்க் வெகுமதி என்ற அறிவிப்பு. அந்த எழுத்துகளின்மேல் ஒரு ஆணின் நிழல் விழுகிறது. உன் பந்து அழகாக இருக்கிறதே, உன் பேர் என்ன என்று நிழல் கேட்கிறது. அவளும் பேரைச் சொல்கிறாள்.

இந்த நொடியிலிருந்து நமக்கு எல்லாம் தெரியும். தாய்க்கு எதுவும் தெரியாது. சாதாரண இயக்குநராக இருந்தால் கேமரா சிறுமியோடு போயிருக்கும். லாங்கோ திரும்பத் திரும்ப அடுப்படிக்கு வருகிறார். படியில் காலடிச் சத்தம் கேட்டு அம்மா எட்டிப் பார்க்கிறாள், வேறு பிள்ளைகள். எல்சி உங்களோடு வரவில்லையா என்று கேட்கிறாள், வரவில்லை என்கிறார்கள். நடுவே ஒரே ஒரு முறை தெருவுக்குப் போகிறோம். முதுகு மட்டும் தெரியும் ஒருவன், கண்பார்வையற்ற வியாபாரியிடம் எல்சிக்குப் பலூன் வாங்கிக் கொடுக்கிறான், சீட்டியடித்தபடி. மறுபடி வீடு. மணி அடிக்கிறது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தால், வாராவாரம் மர்மத் தொடர்கதையின் அடுத்த பாகத்தைக் கொண்டுவந்து விற்பவன் நிற்கிறான். புது அத்தியாயம் வந்திருக்கிறது, விறுவிறுப்பானது என்று கூவுகிறான்.

திகில் எழுதும் யாருக்கும் இந்த இடத்தில் ஒரு கணம் மூச்சு நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு தாயின் வாழ்க்கையிலேயே மிகக் கொடிய மதிய வேளையில், அவள் வாசலில் வந்து நிற்பது நம் தொழில்காரன். அவன் கெட்டவன் இல்லை. எல்சியைப் பார்த்தாயா என்று அவள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லிவிட்டுப் போகிறான். விற்கப்படும் பயத்தையும் வீட்டுக்குள் இருக்கும் பயத்தையும் லாங் ஒரே வாசற்படியில் நிறுத்தியிருக்கிறார். நாம் செய்யும் வேலை எதற்குப் பக்கத்தில் நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கடிகாரத்தில் நேரம் ஏறுகிறது. அம்மா மாடிப்படியில் குனிந்து கூப்பிடுகிறாள், ஜன்னலைத் திறந்து கூப்பிடுகிறாள். அந்தக் குரல் காலி இடங்களின்மேல் போகிறது: யாருமில்லாத படிக்கட்டு, துணி காயும் பரண், யாரும் தொடாத தட்டு. பிறகு புல்வெளியில் ஒரு பந்து உருண்டு வந்து நிற்கிறது. ஒரு பலூன் தந்திக்கம்பியில் சிக்கி, தவித்து, காற்றோடு போகிறது. கொலை இவ்வளவுதான். ரத்தமும் இல்லை, அலறலும் இல்லை.

கொடுமையைக் காட்டினால் அது தன் ஒருவனுடைய கற்பனையாக மட்டும் இருந்திருக்கும், காட்டாமல் விட்டதால் ஒவ்வொருவரும் தாங்கள் நினைக்கக்கூடியதிலேயே மோசமானதை நினைத்துக்கொள்கிறார்கள் என்ற பொருளில் லாங் பின்னாளில் பேசியிருக்கிறார். உண்மைதான். அதோடு நான் ஒன்றைச் சேர்த்துக்கொள்வேன். அந்தக் குழந்தைக்கு அவர் கொடுத்த மரியாதை அது. எல்சியின் உடலைக் கேமரா ஒருபோதும் தொடவில்லை. உங்கள் பிரதிகளில் குழந்தையின் உடல், பெண்ணின் உடல் எத்தனை இடத்தில் குளோசப்பில் வருகிறது என்று ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். அந்த ஷாட்டில் நாம் யாருக்காகப் பயப்படுகிறோம்? பெரும்பாலும் யாருக்காகவும் இல்லை. முகத்தைச் சுளிக்கிறோம், அவ்வளவுதான்.

அடுத்து அந்தச் சீட்டி. நோர்வே இசையமைப்பாளர் க்ரீக், இப்சனின் 'பேர் கின்ட்' நாடகத்துக்காக அமைத்த இசையிலிருந்து ஒரு சிறு துணுக்கு. கொலைகாரன் ஹான்ஸ் பெக்கர்ட்டாக நடித்த பீட்டர் லோருக்குச் சீட்டியடிக்க வராததால், அதை அடித்தது தானே என்று லாங் சொல்லியிருக்கிறார். படத்துக்கு வெளியிலிருந்து வரும் இசையே கிடையாது. பாத்திரத்தின் வாயிலிருந்து வரும் இந்த மெட்டுதான் பயத்தின் மொத்தப் பொறுப்பையும் சுமக்கிறது. முகம் தெரிவதற்கு முன்பே மெட்டு தெரிந்துவிடுகிறது. இப்சனின் நாடகத்தில் அந்த இசை எந்தக் கட்டத்துக்கு உரியது தெரியுமா? மலைக்குள் வாழும் பூதகணங்கள் கூட்டமாகச் சேர்ந்து ஒரு தனி மனிதனைக் கொல்லச் சொல்லிக் கூச்சலிடும் கட்டத்துக்கு. வேட்டையாடப்படுபவனின் இசையை வேட்டைக்காரன் வாயில் வைத்திருக்கிறார்கள். படம் எங்கே போய் முடியப்போகிறது என்பது அந்தச் சீட்டிக்குள்ளேயே இருக்கிறது.

அந்த மெட்டைக் கண்டுபிடிப்பது பலூன் விற்ற அதே பார்வையற்ற மனிதர். அதற்கு முன்பே லாங் அவரை ஒரு சிறு காட்சியில் நமக்குப் பழக்கிவிடுகிறார். சுருதி தவறிய ஒரு கைச்சுழற்சிப் பெட்டி இசைக்கிறது. பொறுக்க முடியாமல் அவர் காதைப் பொத்துகிறார். உடனே நமக்கும் சத்தம் நின்றுவிடுகிறது. கையை எடுக்கிறார், சத்தம் திரும்புகிறது. நம் காதை அவர் காதோடு கட்டிவிட்டார்கள். ஆகவே பின்னொரு நாள் தெருவில் அந்தச் சீட்டி கேட்கும்போது, அவர் திடுக்கிட்டு நிற்கும் அதே நொடியில் நாமும் நிற்கிறோம். சவுண்ட் டிசைன் என்ற சொல் புழக்கத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே இதைச் செய்திருக்கிறார்கள்.

இதற்கிடையில் பயம் ஊருக்கு மாறிவிட்டது. சுவரொட்டி முன்னால் கூட்டம் நெரிகிறது. பின்னால் நிற்பவர்களுக்காக ஒருவர் உரக்கப் படிக்கிறார். பீர் குடிக்க உட்கார்ந்த நண்பர்களில் ஒருவர் மற்றவரைச் சந்தேகித்து, மேசையிலேயே சண்டை வருகிறது. தெருவில் ஒரு சிறுமிக்குப் பதில் சொன்ன குள்ளமான முதியவரை ஒரு பெரிய ஆள் மடக்குகிறான். கேமரா ஒருமுறை மேலிருந்து முதியவரைப் பார்க்கிறது, மறுமுறை கீழிருந்து அந்த ஆளைப் பார்க்கிறது. நொடியில் கும்பல் கூடிவிடுகிறது. பேருந்திலிருந்து போலீஸ் இறக்கிக் கொண்டுபோகும் ஒரு சில்லறைத் திருடனை, இவன்தான் அவன் என்று கூச்சலிட்டு மொய்க்கிறார்கள். இந்தக் காட்சிகளில் கொலைகாரன் இல்லவே இல்லை. ஆனால் எனக்கு எல்சி காணாமல் போன காட்சிக்கு அடுத்தபடியாக அதிகம் நடுங்கவைப்பவை இவைதான். பயந்துபோன நல்லவர்கள் என்ன செய்வார்கள் என்று இவை காட்டுகின்றன. அன்றைய ஜெர்மனியில் டுசல்டார்ஃப் நகரின் தொடர்கொலைகாரன் பீட்டர் கூர்ட்டனின் வழக்கு எல்லோர் வாயிலும் இருந்தது. படம் வெளிவருவதற்கு முந்தைய மாதம்தான் அவனுக்குத் தண்டனை சொல்லப்பட்டது. அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் திரையில் தங்களையே பார்த்திருப்பார்கள்.

கொலைகாரனை நாம் நெருங்கிப் பார்க்கும் காட்சி ஒரு கடையின் கண்ணாடி முன்னால் நடக்கிறது. ஆப்பிளைக் கடித்தபடி வேடிக்கை பார்க்கிறான். உள்ளே அடுக்கிவைத்த கத்திகள் பளபளக்கின்றன. அவற்றுக்கு நடுவே கண்ணாடியில் ஒரு சிறுமியின் பிம்பம். அவன் வாயைத் துடைத்துக்கொள்கிறான், கண் செருகுகிறது. சிறுமி நகர, சீட்டி தொடங்குகிறது. எதிரே சிறுமியின் தாய் வந்துவிடுகிறாள். சீட்டி அறுந்துபோகிறது. லோரின் முகத்தில் அந்தச் சமயம் தெரிவது வெறியைவிட அதிகமாகப் பயம். தனக்குள் எழுவதைக் கண்டு தானே பயப்படும் ஒருவனின் முகம். வில்லன் என்றால் உதட்டோரச் சிரிப்பு என்று எழுதிப் பழகிவிட்டோம். இந்த ஒரு காட்சியை மட்டும் தனியாகத் திரும்பத் திரும்பப் பாருங்கள்.

பிறகு இன்னொரு சிறுமியோடு ஒரு கடை வாசலில் நிற்கிறான். சட்டைப் பையிலிருந்து ஸ்பிரிங் கத்தியை எடுக்கிறான். 'டக்' என்று திறக்கிறது. நம் இதயம் நிற்கிறது. அவன் அந்தப் பெண்ணுக்கு ஆரஞ்சுத் தோலை உரிக்கத் தொடங்குகிறான். இதை வெறும் ஏமாற்று வேலையாக நினைத்துவிடாதீர்கள். கதவுக்குப் பின்னாலிருந்து பூனை குதிப்பது ஏமாற்று. அதற்குப் பிறகு பூனைக்குக் கதையில் வேலை இல்லை. இந்தக் கத்தி உண்மையாகவே அந்தக் கத்திதான். பயமும் உண்மை, தள்ளிப்போனது நேரம் மட்டுமே.

அந்த நேரத்தில்தான், சீட்டியைக் கேட்ட பார்வையற்றவர் சொல்லி அவனைப் பின்தொடர்ந்து வந்த இளைஞன் உள்ளங்கையில் சாக்பீஸால் 'எம்' என்று எழுதிக்கொண்டு, தடுக்கி விழுவதுபோல அவன் தோளில் அறைகிறான். ஜெர்மன் மொழியில் கொலைகாரனைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்து அது. உங்கள் கோட்டில் ஏதோ இருக்கிறது என்று சிறுமியே சொல்ல, கண்ணாடியில் திரும்பிப் பார்க்கிறான். லோரின் பெரிய கண்கள் விரிகின்றன. இப்போது பயம் அவனுடையதாகிவிட்டது.

இதற்குப் பிறகு லாங் செய்வதைச் செய்ய மிகுந்த துணிவு வேண்டும். தெருவின் ஒவ்வொரு மூலையிலும், திருடர் கூட்டம் அவனைத் தேட ஏவிய பிச்சைக்காரர்கள் காவல் நிற்க, அவன் ஓர் அலுவலகக் கட்டடத்துக்குள் ஓடிப் பரணில் ஒளிகிறான். கதவு பூட்டிக்கொள்கிறது. இருட்டில் கத்தியால் பூட்டை நெம்பப் பார்க்கிறான். அவன் தட்டும் சத்தமே வெளியில் தேடுகிறவர்களுக்கு வழி காட்டிவிடுகிறது. டார்ச் வெளிச்சம் நெருங்குகிறது, அவன் மூச்சைப் பிடிக்கிறான், நாமும் பிடிக்கிறோம். எல்சிக்காகத் துடித்த அதே நாம்! நம்மை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று புரியும்போது ஏற்படும் அதிர்ச்சியை எந்த ட்விஸ்ட்டும் தந்துவிட முடியாது.

கடைசிக் கட்டம், கைவிடப்பட்ட ஒரு சாராய ஆலையின் அடித்தளம். போலீஸுக்கு முன்பே அவனைப் பிடித்துவிட்ட திருடர் கூட்டம் அவனைப் படியில் இழுத்துத் தள்ளுகிறது. கத்திக்கொண்டே நிமிர்கிறவன் சட்டென்று அடங்குகிறான். கேமரா மெல்ல நகர்ந்து அவன் பார்ப்பதைக் காட்டுகிறது: வரிசை வரிசையாகத் திருடர்கள், விலைமாதர்கள், பிச்சைக்காரர்கள், ஒருவர்கூட அசையாமல் அவனையே பார்த்தபடி. துளிச் சத்தம் இல்லை. படத்தின் தொடக்கத்தில் பெக்மன் அம்மா சொன்ன சட்டம் இங்கே முழு வலுவோடு திரும்புகிறது. நீதிபதியின் இடத்தில் ஷ்ரெங்கர், தானே மூன்று உயிர்களைப் பறித்த குற்றத்துக்காகத் தேடப்படும் ஆள்.

பெக்கர்ட் அங்கே பேசுகிறான். தெருவில் நடக்கும்போதெல்லாம் யாரோ தன்னைத் துரத்துவதாகவும், துரத்துவது தானே என்றும், தப்பவே முடியவில்லை என்றும் சொல்கிறான். பேசும்போது கும்பலில் சிலர் தம்மையறியாமல் தலையாட்டுகிறார்கள். உடனே ஒரு பெண் எழுந்து, பிள்ளையைப் பறிகொடுத்த தாய்களைப் போய்க் கேள் என்று அலறுகிறாள். அவள் சொல்வதும் உண்மைதான். லாங் இருவரில் யாருடைய வாயையும் அடைக்கவில்லை. கொலைகாரனை மன்னிக்கவும் இல்லை. கும்பல் பாய்ந்த நொடியில் போலீஸ் வருகிறது. போலீஸைக்கூடக் காட்டாமல், எல்லோர் கையும் ஒவ்வொன்றாக மேலே உயர்வதைத்தான் காட்டுகிறார். பிறகு உண்மையான நீதிமன்றம், கறுப்பு உடையில் மூன்று தாய்கள். இதனால் எங்கள் பிள்ளைகள் திரும்பி வரப்போவதில்லை என்கிறாள் பெக்மன் அம்மா.

பெக்கர்ட் பேசும் அந்த ஆலைக் காட்சிக்குப் பின்னாளில் நேர்ந்த ஒன்றை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1933-இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் யூதரான லோர் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். லாங்கும் அந்த ஆண்டே வெளியேறினார். படம் தடை செய்யப்பட்டது. ஆனால் 1940-இல் யூத வெறுப்பைப் பரப்புவதற்காக எடுத்த 'நித்திய யூதன்' என்ற பிரசாரப் படத்தில், லோர் கதறும் அந்தக் காட்சியிலிருந்தே ஒரு பகுதியை வெட்டி ஒட்டினார்கள். அவர் நடித்ததை, அவருடைய இனத்துக்கு எதிரான சாட்சியாக மாற்றினார்கள். முன்னும் பின்னும் வெட்டியதால் எல்சி போய்விட்டாள், தாய் போய்விட்டாள், கும்பல் நம்மைப்போலவே இருக்கிறது என்ற உறுத்தலும் போய்விட்டது. மிஞ்சியது ஒரு பூதம் மட்டுமே. அதே நடிகர், அதே ஃபிரேம். பயத்தை ஒரே இடத்தில் ஆணியடித்து நிறுத்தியதும் அது வெறுப்பாகிவிட்டது.

அதனால்தான் உங்கள் கிளைமாக்ஸ்களைப் பற்றிக் கவலைப்படுகிறேன். பிடிபட்டவனை இருட்டில் போலீஸ் சுட்டுத்தள்ளுகிறது, தியேட்டர் கைதட்டும் என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள். தட்டத்தான் செய்யும். ஆனால் இரண்டு மணி நேரம் வளர்த்த பயத்தை அந்தக் கைதட்டலுக்கு விற்றுவிட்டோம் என்றுதான் நான் சொல்வேன். லாங் நம்மை அந்த ஆலையில், கும்பலின் வரிசையிலேயே உட்காரவைத்தார். கையைத் தூக்க வேண்டியவர்களில் நாமும் இருந்தோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இப்போது எழுதிக்கொண்டிருக்கும் பிரதியை எடுத்து, ஒவ்வொரு சீனுக்கும் பக்கத்தில் ஒரு பெயரை எழுதுங்கள்: இங்கே பயம் யாருடையது? வரிசையாக ஒரே பெயராக வந்தால், அங்கே கதை ஓரிடத்தில் நின்றுவிட்டது. பெயரே எழுத முடியாத சீன்களில்தான் ஆர்.ஆர். பேசும் என்று எழுதியிருப்பீர்கள் என்பது என் ஊகம். படத்தைப் பார்க்கும்போது ஜெர்மன் ஒலியோடு, சப்டைட்டில் வைத்துப் பாருங்கள், டப்பிங் வேண்டாம். சில பழைய பிரதிகளில் வெட்டு அதிகம், சீரமைத்த பிரதியாகத் தேடி எடுங்கள். முடிந்தால் உங்கள் எடிட்டரையும் ஒலிப்பதிவாளரையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். பார்த்து முடித்து, பெயர்கள் எழுதிய அந்தப் பிரதியை எனக்கு அனுப்புங்கள். கட்டாயம் படிக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் திரைக்கதைகளின் வாசகன்